மீசான் கல்லில் ஹிஜ்ரி தேதி: ஆங்கிலத் தேதியாக மாற்றுவது எப்படி?

வாரிசு சான்றிதழுக்கு நன்னாவின் (தாத்தாவின்) இறப்புத் தேதி தேவைப்பட்டது. சேலம் மையவாடியில் (அடக்கத்தலத்தில்) அவருடைய மீசான் கல்லில், அதாவது கப்றின் தலைமாட்டில் நட்ட கல்லில், பாசியைச் சுரண்டியபோது கிடைத்தது இவ்வளவுதான்: ஹிஜ்ரி (இஸ்லாமிய ஆண்டு) 1389, ரஜப் மாதம் பிறை 27 (27-ஆம் நாள்), வெள்ளி இரவு.

முதலில் ஆண்டு. ஹிஜ்ரி ஆண்டை 0.97-ஆல் பெருக்கி 622-ஐக் கூட்டுங்கள். எனக்கு 1969 வந்தது. பெருக்காமல் கூட்டினால் 2011! பிறை ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள்தான், அதனால் இந்தப் பெருக்கல்.

அடுத்து நாள். இணையத்தில் தேதி மாற்றிகள் நிறைய உண்டு. பழைய தேதிக்கு நான் நம்புவது அட்டவணைக் கணக்கை: மாதங்கள் 30, 29 என மாறி மாறி வரும், 30 ஆண்டில் 11 முறை கடைசி மாதமான துல்ஹஜ்ஜில் ஒரு நாள் கூடும். உம்முல் குரா என்ற நாட்காட்டி சவூதிக்கானது, நம் ஊர் மீசானுக்கு அதை நாடாதீர்கள். அட்டவணைப்படி எனக்கு வந்தது 9-10-1969, வியாழன்.

கல்லிலோ வெள்ளி. இங்கேதான் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

கணக்குக்குப் பிறை தெரிய வேண்டியதில்லை, நமக்குக் கண்ணில் பட வேண்டும். சேலத்தில் மேற்கே பார்த்தால் கஞ்சமலை, மழைக்காலத்தில் மேகம் வேறு. பிறை தென்படாவிட்டால் மாதம் 30 நாளாகி, அடுத்த மாதம் ஒரு நாள் தள்ளிப்போகும். 2024-இல் சவூதியில் ரமலான் மார்ச் 11-இல் தொடங்கியது, தமிழ்நாட்டில் 12-இல். எனவே மாற்றி தரும் தேதியை ஒரு நாள் முன்பின்னாக வைத்துக்கொண்டு, கல்லில் உள்ள கிழமையோடு ஒத்துப்பாருங்கள். கிழமை பொய் சொல்லாது. ஒரு நாள் தள்ளினேன்: 10-ஆம் தேதி, வெள்ளி. சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

நன்னியிடம் (பாட்டியிடம்) சொன்னதும், "அட பைத்தியம், வெள்ளி இரவுன்னா வியாழன் ராத்திரிடா" என்றார். ஹிஜ்ரி கணக்கில் மஃரிபோடு (சூரியன் மறைந்ததும்) நாள் பிறந்துவிடுகிறது. இரவு முன்னால், பகல் பின்னால். ஆக, வியாழன் இரவு, 9-ஆம் தேதி. மாநகராட்சிப் பதிவேட்டிலும் 9-10-1969 என்றே இருந்தது. மாற்றி தந்த விடை சரியாக அமைந்தது வெறும் தற்செயல். நன்னா பகலில் இறந்திருந்தால் 10 என்றாகியிருக்கும்.

பிறகு சேர்த்தது: கல்லில் அரபு எண்கள் இருந்தால் கவனம். சிறு வட்டம் பூஜ்ஜியமல்ல, 5, புள்ளிதான் பூஜ்ஜியம். வாய் மேலே திறந்திருப்பது 7, கவிழ்ந்திருப்பது 8. ஒருவர் 1385-ஐ 1380 என்று படித்துவிட்டு, கிழமை பொருந்தவே இல்லை என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்.