மழைநீர்த் தொட்டியிலிருந்து மாமன்றம் வரை

சென்னை மாநகராட்சி 2023-இல் வெளியிட்ட காலநிலைச் செயல்திட்டம் 2050-க்குள் நிகர பூஜ்ய உமிழ்வை, அதாவது வெளியேறும் பசுங்குடில் வாயுவும் உறிஞ்சப்படுவதும் சமமாகும் நிலையை, குறிவைக்கிறது; வெள்ளத்தைத் தாங்குவதும் அதில் உண்டு. கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமானது. தொட்டி இருந்தும் தெருவில் தண்ணீர் நிற்கிறதென்றால், பராமரிப்புக் கோளாறும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மணலும் ஜல்லியும் நிரப்பிய அந்த வடிகட்டித் தொட்டியின் மூடியைத் திறந்து ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். மணல் மேலேயே தேங்கி நின்றால் அடைப்பு. மேல் மணலில் கறுத்து வழுவழுப்பாக ஒரு படலம் இருக்கும், அதுதான் எதிரி. அதை வழித்தெடுத்து, கழுவிய மணல் போடுங்கள். அடியில் ஜல்லி சேறாகியிருந்தால் வெளியே எடுத்து அலசாமல் வழியில்லை. மொட்டை மாடிக் குழாய் வாயில் வலை வையுங்கள். முதல் மழையின் அழுக்கு நீரைக் கிணற்றுக்குள் விடாதீர்கள். கழிவுநீர் இணைப்பு ஏதாவது தொட்டியில் சேர்ந்தால் நிலத்தடி நீரே கெடும், இதில் சமாதானமே வேண்டாம்.

பொது இடத்துக் கோளாறைப் பகுதி சபையில், அதாவது வார்டுக்குள் ஒரு பகுதி மக்கள் கூடிப் பேசும் கூட்டத்தில், எழுப்புங்கள். ஒரு மனுவுக்கு ஒரே பிரச்சினை: தெரு, அருகிலுள்ள விளக்குக் கம்ப எண், தண்ணீர் நின்ற தேதி, புகைப்படம், என்ன செய்ய வேண்டும் என்பது. "நடவடிக்கை எடுக்கவும்" என்று மட்டும் எழுதினால் கிடப்பில் போய்விடும். "இந்த வடிகாலைத் தூர்வார வேண்டும்" என்றே எழுதுங்கள். நகலில் தேதியோடு கையொப்பம் வாங்குங்கள், கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். அந்த நகலோடு கவுன்சிலரைப் பார்த்தால், மாமன்றக் கூட்டத்தில் கேள்வியாக எழுப்ப அவருக்கும் பிடி கிடைக்கும். பருவமழைக்கு முன், ஆகஸ்டுக்குள் கொடுத்துவிடுங்கள்.