சாராய ஆலையின் வரலாற்றை வாய்மொழியாகப் பதிவு செய்யும் முறை

கொங்கு நாட்டில் கரும்பாலையை ஒட்டி இயங்கிய சாராய ஆலையொன்றின் வரலாற்றைத் தொகுக்க விரும்புவோர், மேலாளர்களைச் சந்திக்கும் முன்பே, நொதித்தல் தொட்டியருகே நின்றவர்களையும், கொதிகலன் பார்த்தவர்களையும், பாட்டில் கழுவிய பெண்களையும் தேடிச் செல்ல வேண்டும். உற்பத்திக் கணக்கு பதிவேடுகளில் கிடைத்துவிடும், ஆனால் மொலாசஸ் (சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கரும்புப் பாகு) பக்குவமாக நொதித்ததை நுரையையும் வாடையையும் கொண்டு அறிந்த விதம் அவர்களிடம் மட்டுமே இருக்கும். இந்திய விஸ்கிகளில் பல, தானியத்தில் வடித்ததோடு மொலாசஸில் வடித்த சாராயத்தையும் கலந்து செய்யப்படுபவை என்பதால், கலவைப் பிரிவில் பணியாற்றியவர்களைத் தனியே சந்திப்பது நல்லது.

ஆண்டைக் கேட்டால் பெரும்பாலோர் தடுமாறுவார்கள். 1971இல் மதுவிலக்கு தளர்ந்ததையும் 1983இல் டாஸ்மாக் தொடங்கியதையும் நினைவூட்டி, அதற்கு முன்பா பின்பா என்று கேட்கலாம். சேலம் மாவட்டத்தில் 1937இல் வந்த மதுவிலக்கைப் பற்றிப் பெற்றோர் சொன்னவற்றையும், கேள்விப்பட்ட செய்தி என்று குறித்தே சேர்த்துக்கொள்ளலாம்.

விசைத்தறி ஓடாத நேரத்தில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, சுருக்கப்படாத வேவ் (WAV) ஒலிக்கோப்பாகப் பதிவு செய்யுங்கள். எழுத்தாக்கும்போது "வந்தேனுங்க" என்பதை "வந்தேன்" என்று திருத்துவது, என் கருத்தில், பதிவையே கெடுப்பதாகும்.

மதுத் தொழிலில் இருந்ததைச் சொல்லப் பலரும் கூசுவார்கள். ஆகவே எழுத்து ஒப்புதலைப் பேட்டி முடிந்த பின்னரும் ஒருமுறை உறுதிசெய்து, மூடிவைக்கச் சொன்ன பகுதிகளை மூடிவைக்க வேண்டும். கள்ளச்சாராயப் பேச்சில் வரும் மூன்றாம் நபர்களின் பெயர்களைப் பொதுப் பிரதியில் நீக்கிவிட்டு, மூலப் பதிவின் மூன்று பிரதிகளில் ஒன்றையேனும் வேறு ஊரில் வைக்க வேண்டும்.