கவலைப்படுற பழக்கத்துக்கு மார்க் போட்டு பாக்குறது எப்படி?

பெங்களூர்ல வேலை பாக்குற நம்ம ஆளுங்க கிட்ட பேசினா லேஆஃப், வீட்டு வாடகை, ஊர்ல அப்பாவுக்கு சுகர்னு கவலைக்கு காரணம் வந்துட்டே இருக்கும், ஆனா காரணத்தை விட்டுட்டு, ஒருத்தர் பொதுவாவே எவ்ளோ கவலைப்படுற ஆளுனு அளக்குறதுக்குனே ஒரு கேள்வித்தாள் இருக்கு. பேரு பென் ஸ்டேட் வொரி கொஸ்டினேர், 1990ல அமெரிக்கால வெளியானது.

ஸ்டெப் 1: மொத்தம் 16 வாக்கியம். ஒவ்வொண்ணுக்கும் 1ல இருந்து 5 வரை மார்க், 1னா எனக்கு பொருந்தவே இல்ல, 5னா அப்படியே நான்தான். இந்த வாரம் எப்படி இருந்தீங்கனு யோசிக்காதீங்க, அப்ரைசல் நேரத்துல யாருக்குதான் டென்ஷன் இருக்காது, வழக்கமா நீங்க எப்படியோ அதை போடுங்க. (கடைசி 2 வாரத்தை மட்டும் பாக்கணும்னா அதுக்கு ஜிஏடி-7னு பதற்றத்தை அளக்குற வேற ஒரு கேள்வித்தாள் இருக்கு.)

ஸ்டெப் 2: இதுதான் ரொம்ப முக்கியம். 1, 3, 8, 10, 11 இந்த அஞ்சு வாக்கியமும் தலைகீழ், அதாவது "நான் கவலையே படமாட்டேன்"ங்கற மாதிரி இருக்கும், அதுல 5 போட்டா கவலை கம்மினு அர்த்தம். அதனால அதை மட்டும் திருப்பணும், 5ஐ 1 ஆக்கணும், 4ஐ 2 ஆக்கணும், 3 அப்படியே இருக்கட்டும். ஈசி வழி, அந்த அஞ்சையும் கூட்டி 30ல இருந்து கழிச்சிடுங்க.

உதாரணத்துக்கு மத்த 11 வாக்கியத்துல 38 வருது, இந்த அஞ்சுல 2, 1, 2, 1, 2 போட்டிருக்கீங்க, கூட்டினா 8. 30ல 8 போனா 22, ஆக மொத்தம் 60. திருப்பாம கூட்டியிருந்தா வெறும் 46தான் வரும், ஆளோட நிலைமையே மாறிப்போச்சு பாருங்க!

ஸ்டெப் 3: ஸ்கோர் 16ல இருந்து 80க்குள்ள வரும். பொதுவா 39 வரைக்கும் கம்மி, 40-59 நடுத்தரம், 60ல இருந்து 80 வரைக்கும் அதிகம்னு எடுத்துக்குவாங்க. அதிகமா வந்தா வியாதினு நீங்களே முடிவு பண்ணிடாதீங்க, அதை டாக்டர்தான் சொல்லணும்.

ஆனா தூக்கம் போகுது, வேலைல மனசு நிக்கலனா தள்ளிப்போடாதீங்க ப்ளீஸ். அரசோட மனநல ஹெல்ப்லைன் டெலி மானஸ், 14416க்கு எந்நேரமும் ஃப்ரீயா கூப்பிடலாம், தமிழ்லயே பேசலாம். நேர்ல போகணும்னா பெங்களூர் ஓசூர் ரோட்ல நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரி இருக்கு. போறப்போ நிரப்பின பேப்பரையும் எடுத்துட்டு போங்க, எதுக்கு 5 போட்டிருக்கீங்கனு அவங்க பாத்தா பேச்சை அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.