கூடப் பிறந்தவர் ஸ்டெம் செல் மாற்றுக்குக் காத்திருக்கிறாரா? நீங்கள் செய்ய வேண்டியவை, படிப்படியாக

என் தம்பிக்கு வந்தது ஏஎம்எல் வகை லுகேமியா, அதாவது ஒரு ரத்தப் புற்றுநோய். கீமோவில் நோய் அடங்கியதும், அது திரும்பாமலிருக்க ஸ்டெம் செல் மாற்று (ரத்த அணுக்களை உருவாக்கும் மூல அணுக்களை இன்னொருவரிடமிருந்து பெற்று ஏற்றுவது) வேண்டும் என்றார் மருத்துவர். அந்தப் பேச்சுக்கும் மாற்று வார்டில் சேரும் நாளுக்கும் நடுவில் உள்ள காலத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. லுகேமியா என்றால் என்ன என்பதை இந்நேரம் மருத்துவமனையில் சொல்லியிருப்பார்கள், அதற்குள் போகவில்லை.

கூடப் பிறந்தவர்களின் நிலை தனியானது. நோயாளியைப் பார்த்துக்கொள்வதும் நாம்தான், கொடையாளராகக் கூடியவர்களும் நாம்தான். இந்த இரண்டு பொறுப்பும் சில இடங்களில் முட்டிக்கொள்ளும்.

படி 1: ஒரே ஒரு நோட்டு

தைத்த நோட்டு வாங்குங்கள். ஹீமோகுளோபின், வெள்ளணு, நியூட்ரோபில் (தொற்றை எதிர்க்கும் வெள்ளணு வகை), பிளேட்லெட் எண்கள், காய்ச்சல், ஏற்றிய ரத்தம், ஒவ்வாத மருந்து, அடுத்த முறை கேட்க வேண்டிய கேள்வி எல்லாம் தேதியோடு அதில் இருக்கட்டும். இதற்கென்று செயலிகள் உண்டு. எனக்கு நோட்டுதான் பிடிக்கும். இரவில் துணைக்கு இருப்பவர் யாரானாலும் எழுதலாம், அவசரப் பிரிவு மருத்துவர் புரட்டிப் பார்த்துக்கொள்வார்.

படி 2: ரத்தம் கொடுக்க ஓடாதீர்கள்

செய்தி தெரிந்ததும் வீட்டில் எல்லோரும் "நான் ரத்தம் தரட்டுமா?" என்றுதான் கேட்பார்கள். ரத்த உறவுகள் மருத்துவக் குழுவைக் கேட்காமல் நோயாளிக்காக ரத்தமோ பிளேட்லெட்டோ தரக் கூடாது. நாளைக்குக் கொடையாளராகக் கூடிய ஒருவரின் அணுக்கள் இன்றே உள்ளே போனால், நோயாளியின் உடல் அவற்றை எதிர்க்கப் பழகிவிடலாம். பிறகு அதே ஆளின் ஸ்டெம் செல்லை உடல் ஏற்காமல் போகும் ஆபத்து கூடும்.

நண்பர்கள், உடன் வேலை செய்கிறவர்கள், திருமண வழி உறவினர்கள் தரலாம். பிளேட்லெட் சில நாட்கள்தான் தாங்கும் என்பதால் எல்லோரையும் ஒரே நாளில் வரச் சொல்லாமல் முறை போட்டு வையுங்கள். ஏற்றப்போகும் ரத்தம் கதிர்வீச்சு செலுத்தப்பட்டதுதானா என்று ஒவ்வொரு முறையும் செவிலியரிடம் கேளுங்கள். பிறருடைய வெள்ளணுக்கள் நோயாளியின் உடலைத் தாக்காமலிருக்கத்தான் அந்த ஏற்பாடு.

படி 3: எச்எல்ஏ பொருத்தம்

நாங்கள் நின்று திணறியது இங்கேதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில், இது ரத்தப் பிரிவு அல்ல. ரத்தப் பிரிவு வேறாக இருந்தாலும் மாற்று செய்யலாம். சிகிச்சை கைகூடினால் காலப்போக்கில் நோயாளியின் ரத்தப் பிரிவே கொடையாளருடையதாக மாறிவிடும். பார்ப்பது எச்எல்ஏ என்ற அடையாளங்களை. தன் அணு எது, பிறர் அணு எது என்று உடல் இனங்காண்பது இவற்றை வைத்துத்தான். இவற்றுக்கான மரபணுக்கள் 6ஆவது குரோமோசோமில் உள்ளன, பெரும்பாலும் ஒரு தொகுப்பாகச் சேர்ந்தே பிள்ளைக்கு வருகின்றன.

ஒரு தாளில் அப்பாவுக்கு அ1, அ2 என்றும், அம்மாவுக்கு ஆ1, ஆ2 என்றும் எழுதுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. மொத்தம் நான்கு சேர்க்கைகள்தான். நோயாளி அ1-ஆ1 என்றால், கூடப் பிறந்த ஒருவருக்கும் அதே அ1-ஆ1 அமைய 25 சதவீத வாய்ப்பு. பாதி பொருந்த 50, எதுவுமே பொருந்தாமலிருக்க 25. நான்கு பேர் இருந்தால் ஒருவர் கட்டாயம் பொருந்துவார் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நான்கில் ஒரு வாய்ப்பு. இருவரைச் சோதித்தால் ஒருவராவது முழுதாகப் பொருந்த ஏறக்குறைய 44 சதவீதம், மூவர் என்றால் 58.

சோதனைக்குக் கொஞ்சம் ரத்தமோ கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக்குச்சியால் எடுத்த மாதிரியோ போதும். அறிக்கையில் பெரும்பாலும் 10க்கு எத்தனை என்று இருக்கும். 10க்கு 10 என்றால் முழுப் பொருத்தம், 10க்கு 5 என்றால் பாதி.

எங்கள் அண்ணனுக்கு 10, எனக்கு 5. அந்தத் தாளைப் பார்த்ததும் தம்பியைக் கைவிட்டுவிட்டதுபோல எனக்கு அழுகை வந்தது. பொருந்தாதவர்கள் பலருக்கும் இது வருகிறது, யாரும் வெளியே சொல்வதில்லை. உங்கள் வீட்டில் பொருந்தாதவர் இருந்தால் அவரிடமும் போய்ப் பேசுங்கள்.

முழுப் பொருத்தம் வீட்டில் இல்லையென்றால் கதவு மூடிவிட்டது என்று நினைக்காதீர்கள். உலகக் கொடையாளர் பதிவேடுகளில் 4 கோடிக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். பாதிப் பொருத்த மாற்றும் இன்று வழக்கமான சிகிச்சை. மாற்றுக்குப் பின் 3, 4ஆம் நாட்களில் சைக்ளோபாஸ்பமைடு என்ற கீமோ மருந்தைக் கொடுக்கும் முறை வந்த பிறகு பெற்றோர், பிள்ளைகள், பாதி பொருந்தும் உடன்பிறந்தோர் எல்லோருமே கொடையாளராக முடிகிறது.

படி 4: கொடையாளருக்குத் தனி மருத்துவர்

நோயாளியின் மருத்துவரே கொடையாளரையும் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தனி மருத்துவர் வேண்டும் என்று கேளுங்கள். கொடையாளருக்குப் பயம் இருக்கலாம், வீட்டுக்குத் தெரியாத உடல்நலச் சிக்கல் இருக்கலாம். தயங்காமல் பேச அவருக்கு ஓர் அறை வேண்டும்.

பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும்: நான்கைந்து நாட்கள் ஜி-சிஎஸ்எஃப் ஊசி (ஸ்டெம் செல்லை மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு வரவைப்பது), பிறகு இயந்திரத்தின் வழியே சில மணி நேரம் ரத்தத்திலிருந்து ஸ்டெம் செல் பிரிப்பு. ஊசி நாட்களில் எலும்பு வலி வரும். பிரிக்கும்போது உதடு மரத்தால் உடனே சொல்லுங்கள், கால்சியம் குறைவதால் வருவது அது. சிலருக்கு மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுப்பார்கள்.

முடியாது என்று சொல்ல வேண்டுமானால் நோயாளிக்கு ஆயத்தக் கீமோ (மாற்றுக்கு உடலைத் தயார் செய்யக் கொடுப்பது) தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். தொடங்கிவிட்டால் அவருடைய மஜ்ஜை அழியும், கொடை வராவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் கொடையாளரை அவசரப்படுத்தாமல் முன்கூட்டியே கேளுங்கள்.

படி 5: காய்ச்சல்

டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு, ஒன்று வீட்டில், ஒன்று பையில். நெற்றியில் காட்டும் கருவியை நான் நம்புவதில்லை. ஆசனவாயில் வைத்துப் பார்க்கவே கூடாது. 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டால் மருத்துவமனைக்கு அழையுங்கள், இரவு 2 மணியானாலும். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நியூட்ரோபில் 500க்குக் கீழே இருக்கும் உடலில் தொற்று சில மணி நேரத்தில் முற்றிவிடும். கேட்காமல் பாராசிட்டமால் கொடுத்தால் காய்ச்சல் மறைந்து தொற்று மட்டும் வளரும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் இரண்டும் ரத்தக் கசிவைக் கூட்டும், அவை வேண்டாம்.

அவசரப் பிரிவில் வாய் திறந்ததும் சொல்ல வேண்டியது: "லுகேமியா, கீமோ எடுத்தவர், காய்ச்சல்." இந்த வரிசையில் சொன்னால் வரிசையில் உட்கார வைக்கமாட்டார்கள்.

படி 6: சேரும் முன்

பல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். வீட்டில் இருப்பவர்கள் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளட்டும், வேறு தடுப்பூசி எதுவானாலும் குழுவைக் கேட்டுவிட்டு. பின்னாளில் பிள்ளை பெறும் ஆசை இருந்தால் விந்து, கருமுட்டை சேமிப்பைப் பற்றிக் கேட்க வேண்டிய நேரம் இதுதான். பெற்றோர் முன்னால் தம்பி இதை வாய் திறக்கவில்லை. அக்காவாக நான்தான் மருத்துவரைத் தனியே பார்த்துக் கேட்டேன்.

பிற்சேர்க்கை 1: "கொடுத்தால் உடல் பலவீனமாகிவிடுமா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். இல்லை. கொடுத்த ஸ்டெம் செல்லை உடல் சில வாரங்களில் திரும்ப உருவாக்கிக்கொள்ளும்.

பிற்சேர்க்கை 2: தினமும் நூறு பேர் நலம் விசாரிப்பதே தாங்கவில்லை என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். வாட்ஸ்அப்பில் நிர்வாகி மட்டும் எழுதக்கூடிய குழு ஒன்று தொடங்குங்கள். எதைச் சொல்லலாம், எதைச் சொல்ல வேண்டாம் என்பதை நோயாளி முடிவு செய்யட்டும். என் தம்பி ரத்த எண்களைப் போட வேண்டாம் என்றான். நான் போடவில்லை.