ஏர் ரைஃபிளைப் பூட்டும் முன் பாகங்களில் குறை கண்டுபிடிப்பது எப்படி?

பழைய சிலிண்டர், பழைய பேரல், புது ஸ்பிரிங், புது பிஸ்டன் சீல் என்று பாகம் பாகமாகச் சேர்த்து, பேரலை மடக்கி ஏற்றும் ரக ஏர் ரைஃபிள் ஒன்றை வீட்டிலேயே பூட்டினேன். இந்த ரகத்தில் ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும், அந்தக் காற்றுதான் குண்டைத் தள்ளும். காற்று கசியாமல் பிஸ்டனின் முனையில் அடைப்பது சீல். ஒரே மாதத்தில் அதை மூன்று தடவை கழற்ற வேண்டி வந்தது. மூன்று தடவையும் கெட்டுப்போனது அந்தச் சீல்தான். ஆனால் குறை சீலில் இல்லை. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

எப்படிக் கழற்றுவது என்று இங்கே சொல்லப்போவதில்லை. குண்டு உள்ளே இல்லை, ஸ்பிரிங் ஏற்றப்படவில்லை என்று உறுதி செய்யாமல் ஸ்குரூவில் கை வைக்க வேண்டாம். பூட்டிய நிலையிலேயே ஸ்பிரிங் ஓரளவு அமுங்கித்தான் இருக்கும். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவியான ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமல் பின்பக்கத்தைத் திறந்தால் உள்ளே இருப்பது மொத்தமும் முகத்தை நோக்கி வரும். கம்ப்ரஸர் இல்லையா? இரவல் வாங்குங்கள், அல்லது வேலையைத் தள்ளிப் போடுங்கள்.

கருவி என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். நல்ல டார்ச், 10 மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ், ஒரு தட்டையான கண்ணாடித் துண்டு, கொஞ்சம் பஞ்சு. டிஜிட்டல் காலிப்பர் இருந்தால் நல்லது. ஆனால் மலிவான காலிப்பர் காட்டும் கடைசி இலக்கத்தை நம்பி ஒரு பாகத்தைத் தூக்கி எறியாதீர்கள். என் அனுபவத்தில் காலிப்பரை விட லென்ஸ்தான் அதிகக் குறைகளைப் பிடித்துக் கொடுத்தது.

முதலில் ஸ்பிரிங். கிரீஸைத் துடைத்துவிட்டுக் கண்ணாடி மேல் உருட்டுங்கள். நேராக இருந்தால் சீராக ஓடும். வளைந்திருந்தால் நொண்டும், கண்ணாடிக்கும் சுருளுக்கும் நடுவே வெளிச்சம் கூடிக் குறைவதும் தெரியும். பிறகு செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள். இரண்டு முனையும் தட்டையாகத் தேய்க்கப்பட்டிருக்க வேண்டும். லேசான சாய்வு பரவாயில்லை, நிற்கவே மறுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடைசிச் சுருளின் ஓரத்தில் விரிசலோ துருக்குழியோ இருக்கிறதா என்று லென்ஸால் ஒரு பார்வை. ஸ்பிரிங் கைடு, அதாவது ஸ்பிரிங்குக்கு உள்ளே நிற்கும் தடி, அதன் மேல் ஸ்பிரிங் கொஞ்சம் இறுக்கமாக ஏற வேண்டும். கடகடவென்று ஆடினால் சுடும்போதெல்லாம் தம்புராவை மீட்டியது போல ஒரு அதிர்வு கேட்டுக்கொண்டே இருக்கும்.

அடுத்து சீல். விளிம்பைச் சுற்றிலும் விரலால் தடவி, வெட்டு, குமிழ், அச்சில் வார்த்தபோது மிஞ்சிய பிசிறு இருக்கிறதா என்று பாருங்கள். காற்று அழுத்தும்போது விரிந்து சிலிண்டர் சுவரோடு ஒட்டுவது அந்த மெல்லிய விளிம்புதான். அதில் ஒரு கீறல் போதும், காற்று அந்த வழியாகப் போய்விடும்.

இப்போது நான் மாட்டிக்கொண்ட இடம். முதல் சீலைப் போட்டுப் பூட்டினேன், முதல் நாளே வேகம் ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் ஏறி இறங்கியது. கழற்றினால் சீலின் விளிம்பில் பிறைநிலா மாதிரி ஒரு வெட்டு. விற்றவரைத் திட்டி இன்னொன்று வாங்கினேன். அதிலும் அதே வெட்டு. மூன்றாவதை இன்னொரு தயாரிப்பாளரிடம் வாங்கினேன், கூடுதல் விலைக்கு. அதுவும் போயிற்று. மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது: மூன்று வெட்டும் ஒரே அகலம். அப்படியென்றால் வெட்டியது சிலிண்டருக்குள் இருக்கும் ஏதோ ஒன்று.

சிலிண்டரின் பின்பாதியில், பேரலை மடக்கும்போது பிஸ்டனைத் தள்ளும் கம்பிக்காக நீளமாக ஒரு பிளவு வெட்டியிருப்பார்கள். டிரிகர் பகுதிக்கும் பின்களுக்கும் வேறு துளைகள் உண்டு. பிஸ்டனை உள்ளே தள்ளும்போது சீல் இந்த ஓரங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். என் சிலிண்டரில் பிளவின் உள் ஓரத்தில் பிசிறு அப்படியே இருந்தது. விரலுக்குத் தட்டுப்படவில்லை, கண்ணுக்கும் தெரியவில்லை. பஞ்சை ஒரு குச்சியில் சுற்றி ஓரத்தோடு இழுத்தேன். இரண்டு இடத்தில் வெள்ளை இழை மாட்டிக்கொண்டு நின்றது. சீலை அறுத்த கத்தி அதுதான்.

இதைச் சரிசெய்வது பத்து நிமிட வேலை. மெல்லிய அரத்தால் ஓரத்தின் கூர்மையை மட்டும் எடுங்கள், அப்புறம் 400, 1000 எண் உப்புத்தாள். சீல் ஓடி அழுத்தம் கொடுக்கும் முன்பகுதிச் சுவரைத் தொட வேண்டாம். முடிந்ததும் வெள்ளைத் துணியில் கருப்பு ஒட்டாமல் வரும் வரைக்கும் துடையுங்கள். சீலை நுழைக்கும்போது மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுருட்டி உறை மாதிரி உள்ளே வைத்துக்கொண்டால் ஓரமே படாது. நான்காவது சீல் இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

ஸ்பிரிங் போடும் முன் ஒரு சோதனை. பிஸ்டனை மட்டும் சிலிண்டரில் விட்டு, காற்று வெளியேறும் சின்னத் துளையை விரலால் அடைத்துக்கொண்டு கையால் தள்ளுங்கள். மெத்தையை அமுக்கியது போல எதிர்த்து, விட்டதும் பின்னால் வர வேண்டும். மெதுவாக உள்ளே இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது.

பேரலில் பார்க்க வேண்டியது இரண்டு. குண்டு வைக்கும் பக்கத்திலிருந்து ஒரு பெல்லட்டை (ஏர் ரைஃபிள் குண்டு) மரக்குச்சியால் மெதுவாகத் தள்ளுங்கள். சீராகப் போக வேண்டும். நடுவில் திடீரென்று வழுக்கினால் அங்கே துளை அகலம். இரண்டாவது, குண்டு வெளியேறும் வாய். பஞ்சுக்குச்சியை உள்ளிருந்து வெளியே இழுத்து எல்லாப் பக்கமும் சுற்றுங்கள். இழை சிக்கினால் அங்கே பிசிறு. குண்டு ஒரு பக்கமாக இழுக்கும்.

ஏற்றிய பிஸ்டனைப் பிடித்து நிறுத்துவது டிரிகர் கொக்கிகள். அவற்றின் விளிம்பு கூராக இருக்க வேண்டும். மழுங்கியோ சிதைந்தோ இருந்தால் புதிது வாங்குங்கள். அதை அரத்தால் சரி செய்யாதீர்கள். டிரிகரை மென்மையாக்குகிறேன் என்று தேய்த்து, பேரலை மூடும்போதே தானாக விடுபடுகிற மாதிரி ஆக்கிக்கொண்டவர்கள் உண்டு. நடுவில் விரல் இருந்தால் கதை முடிந்தது. பூட்டிய பிறகும் குண்டு வைக்கும்போது ஒரு கை பேரலை விடாமல் பிடித்திருக்கட்டும்.

குண்டு இல்லாமல் சுட்டுப் பார்க்க வேண்டாம். பிஸ்டன் முட்டி நிற்கும் காற்றுமெத்தை குண்டின் தடையால்தான் உருவாகிறது. அது இல்லையென்றால் பிஸ்டன் நேராகச் சுவரில் மோதும்.

பின்சேர்க்கை 1: பூட்டியதும் புகையும் வெடிச்சத்தமும் வருவதாகச் சிலர் எழுதினார்கள். சீலுக்கு முன்னால் சாதாரண எண்ணெய் போயிருக்கிறது. அழுத்தத்தில் காற்று சூடாகி எண்ணெய் பற்றுகிறது. டீசல் எஞ்சின் வேலை செய்வதும் இப்படித்தான். விட்டால் சீலும் ஸ்பிரிங்கும் போகும். கழற்றித் துடைத்து, மாலிப்டினம் கிரீஸை பிஸ்டனின் பக்கவாட்டில் மட்டும் மெல்லிசாகத் தடவுங்கள்.

பின்சேர்க்கை 2: “இன்னும் கனமான ஸ்பிரிங் போடலாமா?” என்றும் கேட்டார்கள். எனக்குப் பிடிக்காத யோசனை. உதைப்பும் தேய்மானமும் கூடும். அதோடு பல நாடுகளில் சக்திக்கு வரம்பு உண்டு. ஜெர்மனியில் உரிமம் இல்லாமல் வைத்திருக்க 7.5 ஜூல்தான் எல்லை. ஸ்பிரிங்கை மாற்றினாலே அதைத் தாண்டிவிடலாம். உங்கள் நாட்டு விதியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பின்சேர்க்கை 3: எல்லாவற்றையும் சோதித்தும் குண்டுகள் ஒரே இடத்தில் படாமல் சிதறுகின்றன, பேரலை மாற்றப் போகிறேன் என்று ஒருவர் எழுதியிருந்தார். இரண்டு நாள் கழித்து அவரே வந்து சொன்னார்: துப்பாக்கியின் மரக்கட்டையைப் பிடித்திருக்கும் முன்பக்க ஸ்குரூ அதிர்வில் அரைச்சுற்று கழன்றிருந்ததாம். முதலில் அதை முடுக்கிப் பாருங்கள்.