கடலூர் உப்புக்காற்றில் பழைய ஜிப்ஸி

தேவனாம்பட்டினம் பக்கம் நிற்கும் மாருதி ஜிப்ஸி ஜீப்பில் எஞ்சின் கெடும் முன்பே சேஸிதான் (வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டம்) போகும். மணலும் உப்பும் சேஸி ஓட்டைகள் வழியே உள்ளே தங்கி, உள்ளிருந்தே அரிக்கும். மேலே பளபளக்கும் பெயிண்ட் எதையும் காட்டாது. பின் ஸ்பிரிங்கைச் சேஸியோடு இணைக்கும் ஷாக்கிள் அருகே சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். 'டங்' என்றால் பிழைத்தது. 'டொப்' என்றால் தகடு போச்சு. வெட்டி வெல்டிங் வைப்பதுதான் வழி. புட்டி பூசுவது வாங்குபவரை ஏமாற்ற மட்டுமே உதவும்.

பீச்சுக்குப் போனால் அன்றே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். நன்றாகக் காய்ந்ததும் ஓட்டைகளுக்குள் வேக்ஸ் ஸ்ப்ரே. பழைய எஞ்சின் ஆயில் வேண்டாம், புஷ் ரப்பர் ஊதிப்போகும்.

ஓட்டும்போது ஸ்டியரிங் உதறுகிறதா? முதலில் வீல் பேலன்ஸ். அடங்காவிட்டால் முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, அடியில் ஸ்டாண்டு கொடுத்து, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஒருவர் பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங்பின் பேரிங், அதாவது ஸ்டியரிங் திருப்பும்போது சக்கரம் திரும்பும் அச்சிலுள்ள பேரிங்.

ஃபோர்வீல் லீவர் இறுகாமலிருக்க மாதம் ஒருமுறை மணலில் போட்டு ஓட்டுங்கள். காய்ந்த தார் ரோட்டில் கூடாது: முன், பின் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் நடு டிஃபரன்ஷியல் இல்லாததால் திருப்பத்தில் கியர்கள் முறுக்கிக்கொள்ளும்.