பித்தவெடிப்புக்கு முதலில் தண்ணீர், அப்புறம் களிம்பு

குதிகாலில் வெடிப்பு கண்டால் நம் வீடுகளில் கை நேராகத் தேங்காய் எண்ணெய்க்குத்தான் போகும். என் அம்மாவும் வருடக்கணக்கில் படுக்கப் போகும்போது தடவிக்கொண்டு படுப்பார். காலையில் பார்த்தால் கால் பழையபடி வெள்ளை பூத்திருக்கும். எண்ணெய் மேல் தப்பில்லை, காய்ந்த காலில் தடவினார், அவ்வளவுதான்.

தோலின் மேலடுக்கு, இறந்த செல்கள் செங்கல் போல அடுக்கிய சுவர். இடையில் பூசிய சாந்து மாதிரி செராமைடு என்ற ஒருவகைக் கொழுப்பு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் இருக்கின்றன. சோப்பும் வெந்நீரும் அந்தச் சாந்தைக் கரைத்தால் உள்ளே இருக்கும் நீர் வெளியேறும், செல்களின் ஓரங்கள் தூக்கிக்கொள்ளும். கையில் சொரசொரப்பாகப் படுவது அதுதான். எமோலியன்ட் என்கிற மென்மையூட்டி அந்த இடுக்குகளில் புகுந்து ஓரங்களைப் படிய வைக்கிறது. அதனால்தான் தடவிய உடனே வழவழப்பு வருகிறது. ஆனால் அது நீரைக் கொடுக்காது. நீரை இழுத்துப் பிடிக்க கிளிசரின், யூரியா போன்றவை வேண்டும். பிடித்த நீர் ஓடாமல் மூடிவைக்க பெட்ரோலியம் ஜெல்லி வேண்டும்.

உள்ளங்காலில் எண்ணெய்ச் சுரப்பிகளே கிடையாது. தோலும் தடிப்பு. நாம் நிற்கும்போது குதிகால் சதை பக்கவாட்டில் பிதுங்கும். காய்ந்து இறுகிய தோல் அதற்கு இடம் கொடுக்க முடியாமல் பிளக்கிறது.

சரி, இன்று இரவே தொடங்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும் காலை ஊறவைக்க வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். நேராக மருத்துவரிடம் காட்டுங்கள்.

1. வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் காலை வையுங்கள். சோப்பு வேண்டாம்.

2. குதிகால் தேய்க்கும் கல்லால் தடித்த இடத்தை மட்டும் மெதுவாகத் தேயுங்கள். ரத்தம் கசியும் வெடிப்பைத் தொடாதீர்கள். பிளேடால் சீவுகிற பழக்கம் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

3. துண்டால் ஒற்றி எடுங்கள். குதிகாலில் லேசான ஈரம் இருக்கட்டும், விரல் இடுக்குகள் மட்டும் நன்றாகக் காய வேண்டும். அங்கே ஈரம் நின்றால் சேற்றுப்புண் வரும்.

4. முக்கியமான வேலை இதுதான். அந்த ஈரம் காய்வதற்குள், மூன்று நிமிடத்துக்குள், 10 சதவீத யூரியா கலந்த கிரீமைத் தடவுங்கள். தோல் ரொம்பத் தடித்திருந்தால் 20 அல்லது 25 சதவீதம் உள்ளது வாங்கலாம். அந்த அளவில் யூரியா நீரைப் பிடிப்பதோடு இறுகிய தோலையும் இளக்கும். வெடிப்பு திறந்திருந்தால் யூரியா எரியும், அது மூடும்வரை பெட்ரோலியம் ஜெல்லி மட்டும் போதும். எவ்வளவு எடுப்பது? ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை டியூபிலிருந்து பிதுக்கினால் சுமார் அரை கிராம். ஒரு குதிகாலுக்கு அது போதும்.

5. மேலே மெல்லிசாகப் பெட்ரோலியம் ஜெல்லி பூசிப் பருத்திக் காலுறை போடுங்கள். ராபர்ட் செஸ்பரோ 1872-ல் காப்புரிமை பெற்ற அதே வாஸ்லின்தான், நீரைத் தடுப்பதில் இன்றும் இதற்கு இணையாகச் சொல்ல அதிகம் இல்லை. ஜெல்லி இல்லையென்றால் தேங்காய் எண்ணெய் பூசலாம். ஆலிவ் எண்ணெய் வேண்டாம். அதிலுள்ள ஓலிக் அமிலம் தோலின் சாந்தைக் குலைக்கும்.

களிம்பு பூசிய காலோடு டைல்ஸ் தரையில் நடந்தால் வழுக்கும், பெரியவர்கள் விழுந்துவிடுவார்கள். களிம்பு ஊறிய துணி சீக்கிரம் தீப்பிடிக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. அந்தக் காலுறையோடு அடுப்பு, விளக்கு பக்கம் போகாதீர்கள். காலுறையை அடிக்கடி துவையுங்கள்.

ஒரு வாரத்தில் சொரசொரப்பு குறையும். ஆழமான வெடிப்பு மூட இன்னும் சில வாரம் பிடிக்கும். சீழ், வீக்கம் இருந்தால் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். ஆறிய பிறகும் குளித்து வந்ததும் கால் காய்வதற்குள் ஒரு தடவை கிரீம் பூசுங்கள். அம்மா இப்போது குளியலறைக் கதவுக்கு வெளியிலேயே டியூபை வைத்திருக்கிறார்.